கை நனைக்காத சம்பந்தி

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று தெரியும். நான் நலமில்லை என்பது உனக்கும் தெரியும், அதை அறிய உனக்குப் பெரிய ஆவல் ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். போனில் பேசலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய். மீட்டிங் இல்லாத நேரத்தில் பேசினால் கோபத்தில் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் அப்படி வைக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வலது கட்டைவிரல் வெடிப்பில் பேனா வந்து அழுந்துகிறது. துணியைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் எழுதுவதும், எரிந்தால் நிறுத்துவதுமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதை உன் அப்பா படித்தாலும் சரி, உனக்குப் பார்த்திருக்கும் ஏரல் வீட்டார் படித்தாலும் சரி, எனக்குக் கவலையில்லை. ஒளித்து ஒளித்து வைத்ததில்தான் இவ்வளவு வம்பும் வந்தது.

"நீ வேணும்னேதாம்மா பண்ணிருக்க. ஒனக்கு இந்த எடம் பிடிக்கல, அதை நேரா சொல்ல வேண்டியதுதான" என்று போனில் கத்தினாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அன்றைக்கு நான் சொல்ல வந்ததை இப்போது சொல்கிறேன். பவித்ராவை எனக்குப் பிடித்திருக்கிறது. திருச்செந்தூர் கோயிலில் வைத்து அவளை நாம் பார்த்தபோது, தலையைக் குனிந்து நிற்காமல் என்னிடம் வந்து, "அத்தை, வெயில்ல நிக்கியளே, இங்கன நிழலுக்கு வாங்க" என்றாளே, அப்போதே பிடித்துவிட்டது. ஏரலுக்கு நானும் அப்பாவும் போனது உறுதி பண்ணத்தான். மல்லிகைப்பூவும் பழமும் வாங்கியது நான். நல்ல பட்டுச்சேலையாகப் பார்த்துக் கட்டியதும் நான். பிடிக்காத இடத்துக்கு அவ்வளவு வெயிலில் யாராவது பட்டுக் கட்டிக்கொண்டு போவார்களா?

அங்கே என்ன நடந்தது என்று நீ யார் யாரிடமோ கேட்டாய், என்னிடம் கேட்கவில்லை. நடந்தது இதுதான். பேச்செல்லாம் நல்லபடி முடிந்து இலை போட்டார்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாதது அல்ல. சம்பந்தம் பேசப் போன வீட்டில் சாப்பாட்டில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காமல் எழுந்தால் இடம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உன் அப்பா நனைத்தார், மூன்று தரம் சாம்பார் கேட்டு நன்றாகவே நனைத்தார். என் இலைக்கு முன்னால் பவித்ராவின் அம்மா வந்து நின்றுகொண்டு, "மதினி, கை நனைங்க" என்றார்கள். நான் முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவில்லை. "வயிறு சரியில்ல மதினி, ஒண்ணும் நெனைச்சிக்கிடாதிய" என்று சொல்லி எழுந்துவிட்டேன். அந்த அம்மா முகம் போன போக்கைப் பார்த்தேன். அப்போதும் நான் கையை எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை? முந்தின நாள் நீதான் போன் பண்ணினாய். "அங்க போயி கையைக் காட்டிக்கிட்டு இருக்காதம்மா. முந்தானைக்குள்ள வச்சிக்கோ. தோல் வியாதின்னு தெரிஞ்சா ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றாய். சரி, காட்டவில்லை. கையைக் காட்டாமல் கையால் சாப்பிடும் வித்தையை நீ சொல்லித் தரவில்லை. ஸ்பூன் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்பது உன் உத்தரவு. இது போதாதென்று டாக்டரின் உத்தரவு வேறு, கையை நனைக்கவே கூடாது என்று. நீ மறைக்கச் சொல்கிறாய், டாக்டர் நனைக்காதே என்கிறார், ஊர் நனை என்கிறது. நான் வயிற்றைச் சொல்லித் தப்பித்தேன். இரண்டு நாள் கழித்துத் தரகர் அண்ணாச்சி போன் பண்ணினார். "என்னக்கா, கை நனைக்காம வந்துட்டியளாமே. பொண்ணு வீட்டுல ரொம்ப வெசனப்படுதாவ. வேற எடம் பாக்கட்டுமான்னு கேக்காவ" என்றார். அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றார். நான் வயிறு என்றேன், இவர் காய்ச்சல் என்றார். அண்ணாச்சிக்கு எது பொய் என்று கண்டுபிடிக்க வேண்டிய சிரமமே இல்லாமல் போயிற்று.

இந்தக் கையின் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. நீ பெங்களூருக்கு வேலைக்குப் போன வருஷம் விரல் இடுக்கில் பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்தது. அரித்தது. பிறகு உள்ளங்கை தடித்துச் செதில் செதிலாக உரிந்தது, அதன் பிறகு வெடித்தது. சேத்துப்புண் என்றாள் எதிர்வீட்டுக்காரி. கரப்பான் என்றாள் உன் அத்தை. "பொம்பளைங்களுக்கு வாரதுதான்" என்றார் உன் அப்பா. அவர் கையைப் பார்க்காமலேயே, டிவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மருந்துக்கடையில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். தடவிய ஒரு வாரத்தில் கை பளபளவென்று ஆகிவிட்டது, எனக்குத் தலைகால் புரியவில்லை. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக வந்தது. மறுபடி அதே ட்யூப், மறுபடி பளபளப்பு, மறுபடி வெடிப்பு. அப்படியே தடவித் தடவித் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துவிட்டது. அதை அப்படி இஷ்டத்துக்குத் தடவக் கூடாது என்று பின்னால் டாக்டர் சொன்னார். விற்றவர்கள் யாரும் சொல்லவில்லை.

அடுத்தது உன் அத்தையின் வைத்தியம். கடல் தண்ணீரில் கையை முக்கினால் எந்தத் தோல் வியாதியும் ஓடிவிடும் என்று என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெடித்த கையைக் கடலில் முக்கினால் எப்படி இருக்கும் என்று உனக்கு எழுதிப் புரியவைக்க எனக்குத் தெரியாது. கரையில் உட்கார்ந்து பச்சைப்பிள்ளை மாதிரி அழுதேன். "நோய் வெளிய போகுது, அதான் எரியுது" என்றாள். அவள் கை நன்றாக இருந்தது. பிறகு நாட்டு மருந்து. கருவாடு கூடாது, இறால் கூடாது, கத்தரிக்காய் கூடாது. உங்கள் இருவருக்கும் சீலா மீனைப் பொரித்துப் போட்டுவிட்டு நான் மோர்ச்சோறு தின்றேன். நீ லீவுக்கு வந்திருந்தாய். "ஏம்மா, நீ மீன் சாப்பிடலியா" என்று கேட்டாய், பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாய். அந்த மீனைக் கழுவியதும் மசாலா தடவியதும் இந்தக் கைதான். மிளகாய்ப்பொடி வெடிப்புக்குள் போனால் அன்றைக்குப் பூராவும் வேறு நினைப்பே வராது.

ரேஷன் கடைக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கைரேகை மிஷினில் விரலை வைத்தால் ஏற்கவில்லை. "அடுத்த விரலை வைங்க" என்றார் அங்கே இருந்தவர். வைத்தேன். அதையும் ஏற்கவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, "கையை நல்லா கழுவிட்டு வாங்கம்மா" என்றார். கழுவிக் கழுவித்தான் ஐயா ரேகையே போச்சு என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகு சிரிப்பு வரவில்லை. நான் இன்னார் என்பதற்கு என் கையே சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறது, தம்பி. இப்போது அப்பாதான் ரேஷனுக்குப் போகிறார். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிகிறார்.

அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் பெண் உன் வயதுதான் இருப்பாள். அவ்வளவு கூட்டத்திலும் என் கையைத் தன் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம் வீட்டில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "தண்ணி, சோப்பு, ரெண்டுலயும் கை படக் கூடாதும்மா. பாத்திரம், துணி எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேற யாராவது செய்யட்டும்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். "வீட்டுல வேற யாரு இருக்கா?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் இருக்கிறார், மகன் வெளியூரில் என்றேன். "அப்ப அவர் செய்யட்டும்" என்றாள், சாதாரணமாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அது என்ன சிரிப்பு என்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் மனம் உருகி, அன்றைக்குச் சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய் எனக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வந்தார். அதாவது வேலை என்னுடையதுதான், கையுறை அவருடைய உதவி.

அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் பாத்திரம் தேய்த்தேன். கை மணிக்கட்டு வரைக்கும் சிவந்து வீங்கிற்று. கையுறை போட்டும் குறையவில்லை என்றால் உன் உடம்பு வாகு அப்படி என்றார்கள். சூட்டு உடம்பு என்றார்கள். மனக்கவலை என்று ஒருத்தி சொன்னாள், அவளிடம் மட்டும் நான் சண்டை போடவில்லை. கடைசியில் மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். எது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, முதுகில் சின்னச் சின்னப் பொட்டுகளாக என்னென்னவோ ஒட்டி அனுப்பினார். குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது என்றார். தூத்துக்குடி வெயிலில் வியர்க்கக் கூடாதாம். திரும்பப் போனபோது ஒட்டியதை எடுத்துப் பார்த்து, ஒரு பொட்டு இருந்த இடம் தடித்திருப்பதைக் காட்டினார். எனக்கு ஒத்துக்கொள்ளாதது ரப்பர். சோப்பும் தண்ணீரும் கையைப் புண்ணாக்கின, அந்தப் புண்ணின் மேல் நான் மாட்டிக்கொண்ட மருந்தே விஷமாகிவிட்டது.

அவர் சொன்ன இன்னொன்றையும் கேட்டுக்கொள். இது அடியோடு போய்விடும் என்று அவர் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அடக்கி வைக்கலாம், ஜாக்கிரதையாக இருந்தால் நல்ல கையாகவே வைத்திருக்கலாம், ஈரத்தில் புழங்கினால் திரும்ப வரும் என்றார். இது யாருக்கும் ஒட்டாது என்றும் நன்றாக அழுத்திச் சொன்னார். பருத்திக் கையுறைக்கு மேல் போட்டுக்கொள்ள ரப்பர் இல்லாத வேறு கையுறை எழுதிக் கொடுத்தார், களிம்பு, மாத்திரை எல்லாம் கொடுத்தார். அவர் சொன்னதையெல்லாம், முக்கியமாக ஒட்டாது என்ற அந்த ஒரு வார்த்தையை உனக்குச் சொல்ல அன்றைக்கே பஸ்ஸில் இருந்து கூப்பிட்டேன். "சரிம்மா, கல்யாணம் முடியிற வரைக்கும் மறைச்சிக்கோ" என்றாய். அதற்குப் பிறகு அருப்புக்கோட்டை வரும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. தரகரும் பேசிப் பார்த்துவிட்டார், அப்பாவும் பேசிப் பார்த்துவிட்டார், ஏரலில் இருந்து பதில் இல்லை. நீ என்மேல் கோபத்தில் இருக்கிறாய். எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் அப்பா கடைக்குப் போனதும் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏரல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பவித்ராவின் அம்மா என்னைப் பார்த்ததும் வாங்க என்றார்கள், குரலில் ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்காரும் முன்பே இரண்டு கையையும் முந்தானைக்குள்ளிருந்து எடுத்து அவர்கள் முன்னால் விரித்துக் காட்டினேன். "மதினி, இதுக்காகத்தான் அன்னைக்குக் கை நனைக்கல. எடம் பிடிக்காம இல்ல" என்றேன்.

அந்த அம்மா உடனே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நீ நினைக்காதே. ஒரு அடி பின்னால் போனார்கள். "அய்ய, என்ன மதினி இது, ஒட்டுமா?" என்றார்கள். ஒட்டாது என்றேன். "குடும்பத்துல வேற யாருக்கும் இருக்கா? மாப்பிள்ளைக்கு?" என்றார்கள். இல்லை என்றேன். கேள்வி கேட்டது எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் பெண்ணைக் கொடுக்கிறவர்கள் கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டியதுதான். நீ பயந்த அந்த ஆயிரம் கேள்வி மொத்தம் மூன்றோ நான்கோதான் இருந்தது. பேசப் பேச அவர்கள் முகம் தெளிந்தது. "இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா. நாங்க என்னல்லாமோ நெனைச்சிட்டோம். ஒங்க அந்தஸ்துக்கு நாங்க கொறைஞ்சு போனமோன்னு இவ அப்பா ரெண்டு நாளு சரியா சாப்பிடல" என்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு இலை போட்டார்கள். பவித்ரா லீவில் இருந்தாள், அவளே ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து இலையோரம் வைத்தாள். அவள் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "ஸ்பூன்ல சாப்பிட்டா அது கை நனைச்ச கணக்குல வருமா?" என்று கேட்டார்கள். "வரும்மா" என்றாள் பவித்ரா. "ஒனக்கு என்னளா தெரியும்" என்றார்கள். கடைசியில் அந்த அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செம்பில் தண்ணீர் எடுத்துவந்து, "புறங்கையில ரெண்டு சொட்டு விட்டுக்கிடுதேன் மதினி. அங்கன புண்ணு இல்லல்லா? டாக்டர் திட்ட மாட்டாருல்லா?" என்றார்கள். நான் புறங்கையை நீட்டினேன். இரண்டு சொட்டு விட்டார்கள். பவித்ரா துண்டைக் கொண்டுவந்து உடனே ஒற்றித் துடைத்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. வயிறாரச் சாப்பிட்டேன், சொதி நன்றாக இருந்தது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. கிளம்பும் நேரத்தில் பவித்ரா என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். வழியில், "அத்தை, ஒங்க வீட்டுல பாத்திரம் யாரு தேய்ப்பா?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். "இந்தக் கையோடவா?" ஆமாம் என்றேன். "அவிய ஊருக்கு வாரப்பவும்?" என்று உன்னைக் குறித்துக் கேட்டாள். அவன் வருகிறபோது பாத்திரம் கூடும், தேய்ப்பது நான்தான் என்றேன். பிறகு சொன்னாள், "போன மாசம் அவிய போன்ல பேசினாவ அத்தை. ரெண்டு பேரும் வேலைக்குப் போறமே, வீட்டு வேலைக்கு ஆள் வச்சிக்கிடலாமான்னு கேட்டேன். ஆள்லாம் வேண்டாம், எங்கம்மா வந்து கூட இருப்பாங்க, அவங்களே எல்லாம் பாத்துக்கிடுவாங்கன்னாவ." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்ககிட்ட கேக்கலையா?" என்றாள்.

நீ என்னிடம் கேட்கவில்லை, தம்பி. போன மாதம் என்றால் நான் மதுரையில் இருந்து வந்த பிறகு. ஈரத்தில் புழங்கினால் திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னதை உனக்குச் சொன்ன பிறகு. கையை மறைத்துக்கொள் என்று நீ எனக்குச் சொன்ன அதே மாதத்தில், அந்தக் கையைப் பெங்களூரில் உன் வீட்டுப் பாத்திரத் தொட்டிக்குப் பேசி முடித்திருக்கிறாய். பிள்ளையை வளர்த்த விதம் தப்பு, என் குற்றம்தான் என்று நான் இங்கே எழுதுவேன் என்று எதிர்பார்ப்பாய். எழுத மாட்டேன். உன்னை நான் ஒருத்தி மட்டும் வளர்க்கவில்லை. எனக்கு இப்போது ஆற்றாமையாக இருக்கிறது, கோபமாக இருக்கிறது, அதை மட்டும் எழுதுகிறேன்.

அந்தப் பெண் என்னிடம் கோபப்படவில்லை. உன்னிடமும் கோபமாகப் பேச மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். துறைமுகத்தில் ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், ஒரு விஷயத்தை இன்னொரு விஷயத்தோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவள். "ஞாயித்துக்கிழமை அவியட்ட நேராவே கேக்கேன் அத்தை. கேட்டுட்டு அம்மாட்ட சரின்னு சொல்லுதேன், இல்லன்னா இல்லன்னு சொல்லுதேன். நீங்க ஒண்ணும் சொல்லிக் கொடுத்துராதிய" என்றாள். பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன். சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றுதான் கேட்டாள், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன், அவள் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் சொல்லித்தர மாட்டேன். பாத்திரம் தேய்க்கத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல். கற்றுக்கொள்கிறேன் என்றால் நிஜமாகவே கற்றுக்கொள், அதற்குக் கையுறைகூடத் தேவைப்படாது உனக்கு. ஆள் வைக்கலாம் என்றால் அதையும் மனதாரச் சொல். என் கையால் இந்தக் கல்யாணம் நின்றுவிடுமோ என்று இத்தனை நாள் பயந்தாயே, இப்போது அது உன் கையில் இருக்கிறது. ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்கும்போது, எங்கம்மா வந்து பாத்துக்கிடுவாங்க என்று மறுபடியும் சொல்லிவிடாதே. நான் வர மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மா